இஸ்திரி போட்ட மாஸ்க்

செப்டம்பர் 4

அக்கா,

எத்தனை முறை போன் அடித்தாலும் மாமாதான் எடுக்கிறார். "அவ மாடியில துணி காயப்போடுறா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்கிறார். நீ பேசுவதில்லை. இந்தப் புகைமூட்டத்தில் மாடியில் எந்தத் துணி காய்கிறது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை எடுக்காமல் இருக்க உன்னால் முடியாது. தபால்காரர் நம் சலவைக்கடைக்குத் துணி போடுகிறவர், உன் கையில் திணித்துவிட்டுத்தான் போவார்.

போன மாதம் நடந்ததற்கு என்மேலும் தப்பு இருக்கிறது. விடுதிக்காரர் படுக்கை விரிப்புகளைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, "அக்கா, நீ மூச்சு விடுறப்போ விசில் மாதிரி கேக்குது, புகை போற வரைக்கும் கடையை மூடு" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீ உடனே, "வந்துட்டாங்க டாக்டரம்மா, கழுத்துல குழாய் எங்கடி?" என்றாய். அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய், சிரித்து முடிப்பதற்குள் இருமினாய். நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நான் டாக்டர் இல்லைதான். மூச்சுப் பரிசோதனை அறையில் குழாய் மாட்டி, "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, விடாம ஊதுங்க" என்று சொல்கிற வேலைதான் எனக்கு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத நான் அங்கே நாள் முழுவதும் கத்துகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். ஆனால் அந்த விசில் சத்தத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சின்ன வயதில் உனக்கு இழுப்பு வரும்போதெல்லாம் உன் முதுகோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருந்தவள் நான்.

நேற்று நான் தங்கியிருக்கிற பெண்கள் விடுதியின் டிவியில் உங்கள் ஊரைக் காட்டினார்கள். பகலில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகின்றன. நம் தெருவாக இருக்குமோ என்று பார்த்தேன், எந்தத் தெரு என்றே தெரியவில்லை. எல்லாத் தெருவும் ஒரே தெருவாகிவிட்டது.

பஸ் பார்சலில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே மாஸ்க். எங்கள் டாக்டர்கள் போடுகிற அதே வகை. எப்படிப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மறுபடியும் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று நினைப்பாய். பெட்டியின் பின்னால் படம் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்.

ஒரு வரியாவது எழுது. அந்த ஒரு வரி உன் மூச்சைப் பற்றியதாக இருக்கட்டும்.

உன் தங்கை

*

செப்டம்பர் 9

அடி ஊமைக்கோட்டான்,

கடிதமும் வந்தது, பெட்டியும் வந்தது. நேரில் வாயைத் திறக்காதவள் தாளில் என்ன போடு போடுகிறாய்.

விடுதிக்காரர் சிரித்தது உனக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது. அவர் எதற்கும் சிரிப்பார். விரிப்பு கிழிந்தாலும் சிரிப்பார், பிறகு அதற்கு என்னிடம் சண்டையும் போடுவார். அதற்காக அக்கா வீட்டிலிருந்து கையை உதறிக்கொண்டு கிளம்புவதா? உனக்காக எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை மாமாதான் சாப்பிட்டார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "கோபக்காரி இன்னும் ரெண்டு தடவை வந்து கோச்சுக்கிட்டுப் போனா நல்லாத்தான் இருக்கும்" என்கிறார்.

இங்கே ஆற்றுக்கு அப்பால் காடு எரிவது நின்றபாடில்லை. சூரியன் காலையில் சிவப்பாக ஒரு பொட்டு மாதிரி தெரிகிறது, பிறகு அதுவும் இல்லை. வெள்ளை விரிப்பைக் காயப்போட்டு எடுத்தால் அடுப்படியில் கிடந்த துணிபோல் வாடை அடிக்கிறது. திரும்ப அலசுகிறேன். ஒரே துணியை இரண்டு தரம் துவைக்கிற பிழைப்பு. மாமா கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிவிட்டார். விரிப்புகளை விலக்கிக்கொண்டு நடந்தால் பேய்ப் படத்துக்குள் நடப்பதுபோல் இருக்கிறது. அதற்கும் மேல் மிஞ்சுவதை மாடிக்குக் கொண்டுபோகாமல் என் தலையிலா காயப்போடுவது?

மாஸ்க் நல்ல சரக்கு. கெட்டியாக இருக்கிறது. மாமா போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்துவிட்டு, "என்னைப் பார்த்தா ஆபரேஷன் பண்றவன் மாதிரி இல்ல?" என்றார். ஆனால் எதற்கு அத்தனை? ஆளுக்கு இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளப் போதாதா? மீதியைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டேன். பூட்டுக்காரர், ஸ்கூல் வேன்காரர், மருந்துக்கடைப் பெண், இன்னும் கேட்டவர்கள் எல்லோரும். அவர்கள் யாரும் அழுக்கு மாஸ்க்கோடு திரிய நான் விடுவதில்லை. சலவைக்கடைக்காரி கொடுத்தது என்று பார்த்தாலே தெரிய வேண்டாமா?

என் மூச்சு என் மூக்கில்தான் இருக்கிறது. மருந்துக் குழாயும் இருக்கிறது. ரொம்ப முடியாதபோது மட்டும் வாயில் வைத்து அடித்துக்கொள்கிறேன், சும்மா சும்மா அடித்தால் பழகிவிடும். போன் எடுக்கத்தான் கை ஒழிவதில்லை. எப்போதும் ஈரம்.

பஸ்ஸில் சாப்பிடாமல் போனாயே, அங்கே போயாவது சாப்பிட்டாயா என்று எழுது.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்கா,

இதை உட்கார்ந்து படி. மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

இன்று பரிசோதனை அறைக்கு ஒரு காவலாளி வந்தார். ஒரு கட்டடத்தின் வாசலில் பகல் முழுக்க நிற்கிறவர். குழாயில் ஊதச் சொன்னேன். ஊத ஆரம்பித்ததுமே இருமல் பிடித்துக்கொண்டது. மறுபடி ஊதினார், மறுபடி இருமல். நெற்றி வியர்த்துவிட்டது. டாக்டர் அவருடைய மாஸ்க்கை வாங்கிப் பார்த்தார்.

"இதைத் துவைச்சீங்களா?"

"தினமும் துவைச்சுருவேங்க. நான் சுத்தக்காரன்."

"துவைச்ச அன்னைக்கே இது செத்துப்போச்சுங்க."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, புரிந்ததும் உன் கடிதம் ஞாபகம் வந்தது. அழுக்கோடு திரிய விடுவதில்லை என்று எழுதியிருந்தாயே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பையிலிருந்து அதை எடுத்து மறுபடி படித்தேன்.

அக்கா, அது துணி இல்லை. துணி மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற நாரில் ஒரு மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள், சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுமே, அதுபோல. கண்ணுக்குத் தெரியாத தூளை அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. வெந்நீரும் சோப்பும் சூடும் பட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். பார்ப்பதற்குப் புதிது மாதிரியே இருக்கும். போட்டுக்கொண்டவர் காப்பு இருக்கிறது என்று நம்பிப் புகைக்குள் நடப்பார். புகை நேராக நெஞ்சுக்குள் போகும். அதுதான் பயமாக இருக்கிறது.

துவைத்தாயா? கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடு.

போன தடவை எழுதாமல் விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன், பாடம் என்று நினைத்தாலும் சரி. வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள், பின்கட்டு அறை போதும். ஜன்னலைச் சாத்து, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துண்டை உருட்டி வை. அந்த அறையில் கொசுவத்தி, ஊதுவத்தி எதுவும் கூடாது. துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத் துணியால் துடை. அடுப்பில் எதையும் தாளித்துப் புகைய விடாதே. மாடிக்குப் போகவே போகாதே. மாஸ்க் போட்டால் மூக்குமேல் இருக்கிற கம்பியை விரலால் அழுத்தி, ஓரத்தில் காற்று நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுக்கானாலும் கசங்கினாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மருந்துக் குழாய் பழகிவிடும் என்று உனக்கு யார் சொன்னது? தடுப்பதற்கு ஒன்று, திணறும்போது ஒன்று என்று இரண்டு வகை இருக்கிறது. உன்னிடம் எது இருக்கிறது என்று டாக்டரிடம் காட்டிக் கேள். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு எப்போதாவது அடித்துக்கொள்வது போதாது.

சாப்பிட்டேன். இதற்கு பதில் வரும்வரை இனி எப்படிச் சாப்பிடுவேன் என்று தெரியவில்லை.

உன் தங்கை

*

செப்டம்பர் 18

தங்கச்சி,

துவைத்தேன். துவைக்காமல் பின்னே?

வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்து, இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி, லேசாகக் கஞ்சி காட்டி இஸ்திரி போட்டேன். நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் ஒரு மடிப்பு. மூக்குக் கம்பியைக் கேட்கிறாயே, முதல் நாளே உருவி எடுத்துவிட்டேன். ஊக்கு, பொத்தான், கம்பி எது இருந்தாலும் எடுத்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவது நம் கடை வழக்கம், இல்லையென்றால் துருக்கறை பிடித்துவிடும். எல்லோருடையதிலும் எடுத்தேன். தெருவே இரண்டு நாளுக்கு ஒரு முறை என்னிடம் கொண்டுவந்து போட்டது, காசு வாங்காமல் வெளுத்துக் கொடுத்தேன். "புதுசைவிட நல்லா இருக்கே" என்று வேன்காரர் சொன்னபோது எனக்கு என்ன பெருமை தெரியுமா?

பெட்டியில் படம் இருந்தது என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி வரைந்து அதன்மேல் குறுக்கே கோடு. அந்தக் குறி எனக்குத் தெரியாதா? பட்டிலும் போட்டிருக்கிறான், கம்பளியிலும் போட்டிருக்கிறான், கோட்டு சூட்டிலும் போட்டிருக்கிறான். அத்தனையையும் தண்ணீரில் போட்டு ஒரு குறை இல்லாமல் கொடுத்தவள் நான். அந்தக் குறியை நம்பினால் ஒரு சலவைக்கடையும் நடக்காது. அதனால் இதையும் நம்பவில்லை.

நீ அந்தத் தாளை எடுக்காமல் விட்டிருக்கலாம். சரி, நான் திட்டுவேன் என்று எடுத்தாய். திட்டித்தான் இருப்பேன்.

பூட்டுக்காரர் மூன்று நாளாகத் தன் சாமான் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து சாவி ராவுகிற மனிதர், மாஸ்க் கிடைத்த தெம்பில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இப்போது கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ குடுத்தது இல்லன்னா இன்னும் மோசமாயிருக்கும்மா" என்றாள். நான் என்ன சொல்வேன், சொல்லு. உன்னை ஊமைக்கோட்டான் என்பேன், இப்போது நான்தான் அப்படி நின்றேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன் எடுக்காததற்குக் கோபமும் இல்லை, ஈரக்கையும் இல்லை. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. நீ குழாய் பிடிக்கிறவள், கேட்டதும் கண்டுபிடித்துவிடுவாய். தாளில் மூச்சு கேட்காது இல்லையா, அதனால்தான். இந்தக் கடிதத்தையே விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்கட்டு அறையைத் துடைத்தாயிற்று. துண்டும் வைத்தாயிற்று. ஆனால் நான் உள்ளே உட்கார முடியாது. கொடுத்த கையால் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும். மாமா போனால் கொடுக்கமாட்டார்கள், "உங்களுக்கு என்னங்க தெரியும், அவங்களே குடுத்தது" என்பார்கள். நான்தான் போகணும்.

அக்கா

*

செப்டம்பர் 21

அக்கா, போகாதே.

இது உன் கைக்கு வருவதற்குள் நீ கிளம்பியிருப்பாய் என்று தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உன் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து மாமாவின் போனும் அணைந்து கிடக்கிறது.

நீ எழுதியதை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். அவர் அறைக் கதவைத் தட்ட எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த முறை தட்டவே இல்லை, உள்ளே போய் நின்றுவிட்டேன். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுக்கு அப்புறம் வீட்டுல வெச்சுப் பார்க்கக் கூடாதும்மா. உடனே சேர்க்கணும். உதடு நீலமாச்சுன்னா, நெஞ்சு குழிஞ்சு குழிஞ்சு மூச்சு விட்டாங்கன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "யாரு இது?" என்றார். "என் அக்கா" என்றேன்.

மாமா, இதை நீங்கள் படித்தால் உங்களுக்காகவும் எழுதுகிறேன். அவளைத் தெருவுக்கு அனுப்பாதீர்கள். வீடு வீடாகப் போய் நீங்களே சொல்லுங்கள். நம்பவில்லை என்றால் சண்டை போடுங்கள், அதில் ஒன்றும் குறைந்துபோகாது. புது மாஸ்க் பெட்டி வருகிறது. அதன்மேல் நான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: துவைக்காதே, இஸ்திரி போடாதே, கம்பியைத் தொடாதே. அவள் திட்டினால் திட்டட்டும்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடை எங்கேயும் ஓடிப்போகாது.

தங்கை

*

செப்டம்பர் 26

அக்கா,

நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். எழுப்ப வேண்டாம் என்று நர்ஸ் சொல்கிறார். அதனால் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்று பஸ் ஊருக்குள் நுழையும்போது முன்னால் இருக்கிற பாலமே தெரியவில்லை. நடத்துநர் இறங்கி வழி காட்டிக்கொண்டே நடந்தார். தெருவில் யாருக்கும் முகம் இல்லை, ஒரு நிழல் வந்து பக்கத்தில் இருமிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். கண் எரிந்தது. கடையில் பாதி விரிப்புகள் கயிற்றிலேயே தொங்குகின்றன. மாமா அவற்றுக்கு நடுவில், எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

அவர் சொன்னார். நீ ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாயாம். அவர் வாசலை மறித்தபோது, "நான் வெளுத்ததுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டாயாம். பிறகு அவரும் உன் கூடவே வந்தாராம். மருந்துக்கடைப் பெண் கொடுக்கமாட்டேன் என்றாளாம், இவ்வளவு சுத்தமாக இருப்பதை யாராவது தூக்கிப் போடுவார்களா என்று. அவளிடம் நீ மின்னூட்டம், நார் என்று நான் எழுதியதையெல்லாம் நின்று நின்று சொன்னாயாம். வேன்காரர் வீட்டுப் படியில் உட்கார்ந்த நீ பிறகு எழுந்திருக்கவில்லையாம். அந்த வேனிலேயேதான் உன்னை இங்கே கொண்டுவந்தார்கள்.

நான் வந்தபோது நீ விழித்திருந்தாய். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். உன் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. நான் தினமும் பார்க்கிற ஒன்றுதான். உன்மேல் பார்க்கும்போது நான் படித்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

என்னோடு வந்துவிடு, புகை அடங்கும்வரை அங்கே இரு என்று சொன்னேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றாய். கடையைக் காட்டுகிற மாதிரி கையை நீட்டினாய். சரி என்று நான் விடப்போவதில்லை. எங்கள் விடுதியில் வெளியாளைத் தங்க விடமாட்டார்கள். வார்டனிடம் கேட்கப் போகிறேன், அவர் மறுத்தால் வேறு அறை தேடப் போகிறேன். அதற்காகத்தான் இப்போது கிளம்புகிறேன், கோபித்துக்கொண்டு அல்ல. இந்த முறை உன் காதருகில் சொல்லிக்கொண்டுதான் போகிறேன், நீ கேட்காவிட்டாலும்.

உன் தங்கை

*

அக்டோபர் 2

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்தேன். நர்ஸ் பேனாவும் தாளும் கொடுத்தாள். படுத்தபடி எழுதுவதால் எழுத்து மலை ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்.

முகத்திலிருந்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்துவிட்டார்கள். இப்போது மூக்கில் சின்னக் குழாய் மட்டும். மாமா தினமும் வந்து போகிறார். பூட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், இன்று எழுந்து உட்கார்ந்தாராம். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்கியது.

வார்டு முழுக்க இருமல்தான். ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் தொடங்குகிறார். ஜன்னலை மூடி, ஓரத்தில் டேப் ஒட்டியிருக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். சாலை கூட்டுகிறவள். என்னைவிடச் சின்னவள், உன் வயதுதான் இருக்கும். முந்தாநாள் அவள் தலையணையை நகர்த்தினாள். அடியில் ஒரு மாஸ்க். மடித்து வைத்திருந்தாள். நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் ஒரு மடிப்பு. என் கை எனக்குத் தெரியாதா? அவளை நான் பார்த்ததே இல்லை. எந்தக் கை மாறி எந்தக் கைக்குப் போனதோ.

"இது எங்க கிடைச்சது?" என்று கேட்டேன்.

"எங்க மேஸ்திரி குடுத்தாருக்கா. யாரோ ஒரு அம்மா தெருவுக்கே துவைச்சுத் தராங்களாம். நல்லா இருக்குல்ல? வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"அதைப் போட்டுக்காதம்மா."

"ஏன்க்கா?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கு மூச்சு முட்டியது, நர்ஸ் வந்து இருவரையும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாளைக்குச் சொல்லுங்கக்கா என்று கையைக் காட்டினாள்.

நேற்று காலையில் நான் கண்விழித்தபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். எங்கே என்று நர்ஸிடம் கேட்டேன். "வேற வார்டுக்கு மாத்திட்டாங்க" என்றாள். எந்த வார்டு என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்னை அனுப்பிவிடுவார்களாம். மழை இன்னும் வரவில்லை. கடைக்குப் போனால் மாடி இருக்கிறது, தெரு இருக்கிறது, அந்த வெள்ளை அப்படியே இருக்கிறது. "உனக்கு இழுப்பு வந்தா நான் இருக்கேன்க்கா" என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை, ஆனால் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு படுத்திருப்பாய். நான்தான் பெரியவள், நான் பயப்படக் கூடாது என்று அப்போதெல்லாம் அசையாமல் கிடப்பேன்.

இப்போது பயமாக இருக்கிறது. மாமாவிடம்கூட சொல்லவில்லை. வார்டன் விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா